புரதம் சும்மா இருப்பதில்லை

2024-ம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, புரதங்களின் வடிவத்தைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது, ஐம்பது வருடப் புதிர் தீர்ந்தது என்று உலகமே பேசியது. தவறில்லை. பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்ட டெமிஸ் ஹஸாபிஸும் ஜான் ஜம்ப்பரும் உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்டு, முன்பெல்லாம் ஒரு ஆராய்ச்சி மாணவரின் நாலைந்து வருடங்களைத் தின்ற வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கிறது. 2022-ல் அது கணித்து வைத்திருந்த வடிவங்கள் 20 கோடிக்கு மேல். பரிசின் மீதிப் பாதி, இயற்கையில் இல்லாத புரதங்களை வடிவமைத்துக் காட்டிய டேவிட் பேக்கருக்கு.

அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வருகின்றன. உடலுக்குள் அவை சின்னஞ்சிறு இயந்திரங்கள். இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சரம், தானாகவே மடிந்து சுருண்டு ஒரு வடிவத்துக்கு வருகிறது. பிறகு ஜீரணிக்கிறது, ஆக்ஸிஜனைச் சுமக்கிறது, செல்லுக்குக் கட்டளை போடுகிறது. கம்ப்யூட்டர் நமக்குத் தருவது அந்த இயந்திரத்தின் புகைப்படத்தை. தையல் மெஷினை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் அதன் புகைப்படத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஊசி, சக்கரம், மிதிபலகை எல்லாம் தெரியும். ஊசி மேலும் கீழும் போகும் என்பது மட்டும் தெரியாது. விஷயமே அதுதான்.

இந்தச் சங்கடம் முதல் புரதத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1958-ல் கேம்பிரிட்ஜில் ஜான் கென்ட்ரூவின் குழு, திமிங்கலத்தின் தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தை எக்ஸ்-கதிர் மூலம் கண்டது. எந்தப் புரதத்தின் முப்பரிமாண வடிவமும் அதற்கு முன் தெரிந்ததில்லை. 1962-ல் அவருக்கும் மாக்ஸ் பெருட்ஸுக்கும் நோபல் கிடைத்தது. மயோகுளோபினின் வேலை தசையில் ஆக்ஸிஜனைச் சேமிப்பது. புரதத்தின் வயிற்றுக்குள் இருக்கும் இரும்பு அணுவில் போய் ஆக்ஸிஜன் உட்காருகிறது. ஆனால் வடிவத்தை நுணுக்கமாகப் பார்த்தால் உள்ளே போக வழியே இல்லை. எல்லாப் பக்கமும் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. வாசல் இல்லாத வீடு. விருந்தாளி மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். புரதம் கண்ணிமைப்பதைவிட மிகக் குறைந்த நேரத்துக்கு ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி மூடிக்கொள்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது.

ஒதுங்குகிறது என்று ஊகிக்கலாம். பார்ப்பது எப்படி? படம் எடுக்கப் புரதத்தைப் படிகமாக்க வேண்டும். படிகத்தில் கோடானுகோடிப் புரதங்கள் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்களைப்போல ஒரே விறைப்பில் நிற்கின்றன. அங்கே ஆட்டத்துக்கு இடம் குறைவு. தண்ணீரில் சுதந்திரமாகத் திரியும் புரதத்தை, அதன் ஒவ்வொரு அணுவாக விசாரிக்க வேண்டும். அதற்கு இருக்கும் வழிகளில் மிகச் சிறந்தது என்.எம்.ஆர். எனப்படும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு.

இதன் உடன்பிறப்பை நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குள் படுக்க வைத்து டமடமவென்று சத்தம் போடும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் அது. இரண்டுக்கும் பௌதிகம் ஒன்றே. 'அணுக்கரு' என்ற வார்த்தை நோயாளிகளைப் பயமுறுத்தும் என்று மருத்துவத்தில் அந்த எழுத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். உண்மையில் இதில் கதிரியக்கம் எதுவும் கிடையாது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். பலமான காந்தப் புலத்தில் வைத்தால், சாய்ந்து சுற்றும் பம்பரம் தலையை ஆட்டுவதைப்போல அதுவும் ஆட்டும். அந்த ஆட்டத்தின் வேகத்துக்குச் சரியாகப் பொருந்தும் ரேடியோ அலையைத் தட்டிவிட்டு நிறுத்தினால், கரு மெல்லிய ரேடியோ முணுமுணுப்பைத் திருப்பி அனுப்பும். ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியாக 1946-ல் இதை வெளியிட்டார்கள். 1952-ல் நோபல் வாங்கினார்கள்.

முக்கியமான விஷயம், எல்லா ஹைட்ரஜனும் ஒரே சுருதியில் முணுமுணுப்பதில்லை. பக்கத்து அணுக்கள் யார் என்பதைப் பொறுத்துச் சுருதி இம்மியளவு மாறும். புரதத்தின் ஒவ்வொரு அணுவும் தனி ரேடியோ ஸ்டேஷன். எம்.ஆர்.ஐ., உடம்பில் உள்ள தண்ணீரின் மொத்த இரைச்சலைக் கேட்டுப் படம் போடுகிறது. என்.எம்.ஆர். ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் திருப்பிக் கேட்கிறது. அதற்குத்தான் அவ்வளவு பெரிய இயந்திரம்: மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்தில் மூழ்கிய மீக்கடத்திக் கம்பிச் சுருள், அதன் நடுவே சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில் சில சொட்டுப் புரதக் கரைசல். இன்றைய பெரிய இயந்திரங்களில் புலத்தின் வலிமை 28.2 டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைப்போல ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல்.

இந்த ஸ்டேஷன்களைக் கேட்டு அசைவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றும்போது மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. வேகம் கூடினால் கலங்கலாகின்றன. இன்னும் கூடினால் ஒரே வட்டம். ஒரு அணு இரண்டு இடங்களுக்கு இடையே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தால், என்.எம்.ஆரிலும் இதே கதை. மெதுவாக மாறினால் இரண்டு சுருதி. நடுத்தர வேகத்தில் கலங்கல். வேகமாக மாறினால் இரண்டுக்கும் நடுவே ஒரே சுருதி. எப்போது கலங்குகிறது என்று பார்த்தால் விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

1970களின் நடுவில் சூரிச்சில் குர்ட் வூத்ரிச்சும் கெர்ஹார்ட் வாக்னரும் இதைத்தான் செய்தார்கள். மாட்டின் கணையத்தில் கிடைக்கும் 58 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதம், அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். அதன் உள்ளே அறுகோண வளையங்கள் சில புதைந்திருக்கின்றன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் அவை செங்கல் சுவரில் பதித்த கல்லைப்போல அசைய இடமின்றி இருந்தன. ஆனால் குளிர்ந்த கரைசலில் ஒரு வளையத்தின் இரண்டு விளிம்புகளுக்கும் தனித்தனியாகக் கேட்ட சுருதிகள், வெப்பம் ஏற ஏறக் கலங்கி ஒன்றாகிவிட்டன. வளையம் அரை வட்டம் புரண்டு படுக்கிறது. அதுவும் திரும்பத் திரும்ப. அது புரள வேண்டுமானால் சுற்றியுள்ள அணுக்கள் எல்லாம் ஒரு கணம் விலகியாக வேண்டும். அதாவது மொத்தப் புரதமும் மூச்சு விடுகிறது. புரண்ட பிறகு வளையம் பழைய நிலையிலிருந்து வேறுபடாமல் இருப்பதால், புகைப்படத்தில் இது தெரிய வாய்ப்பே இல்லை. படிகத்தைப் பார்த்தே பழகியவர்கள் நம்பத் தயங்கினார்கள். 1977-ல் மார்ட்டின் கார்ப்ளஸின் குழு இதே புரதத்தின் அசைவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது. முதல் முயற்சி பத்து பிக்கோ விநாடிக்கும் குறைவு. ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பிக்கோ விநாடி. அந்தக் குறுகிய நேரத்திலும் புரதம் நெளிந்துகொண்டுதான் இருந்தது.

இந்தக் கதையில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. நூற்றுக்கணக்கான ஸ்டேஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எதைக் கேட்பது? சுருதிகளை ஒரே கோட்டில் அடுக்காமல் வரைபடம்போல இரு திசையில் விரித்துப் போடும் முறையை வளர்த்தவர் சூரிச்சின் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் (1991 நோபல்). எந்த ஹைட்ரஜன் எந்த ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் புரதத்தில் ஒரே வரைபடமாக எடுத்துக்காட்டிய 1980-ம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அனில் குமார். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர். எர்ன்ஸ்டும் வூத்ரிச்சும் உடன் ஆசிரியர்கள். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பு, இன்றைய எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முறைக்கு அடிப்படையான கட்டுரையிலும் முதல் பெயர் அவருடையதே. அந்த வரைபடத்தை வைத்துத்தான் வூத்ரிச் படிகமே இல்லாமல் புரத வடிவம் கண்டார். 2002-ல் நோபலும் பெற்றார்.

அசைவின் கடிகாரம் மிக நீளமானது. ஒரு கிளை துடிப்பது பிக்கோ விநாடியில். ஒரு நொதி தன் வாயைத் திறந்து மூடுவது மில்லி விநாடியில். சில பகுதிகள் அவிழ்ந்து மடிய மணிக்கணக்கு ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் என்.எம்.ஆரில் ஒரு தந்திரம் இருக்கிறது. வேகமான துடிப்புக்கு, தட்டிவிட்ட கரு எவ்வளவு சீக்கிரம் அமைதியாகிறது என்று அளக்கிறார்கள். 1982-ல் லிப்பாரி, சாபோ இருவரும் தந்த சூத்திரம், ஒவ்வொரு இணைப்புக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் போடுகிறது. ஒன்று என்றால் கம்பம். பூஜ்யம் என்றால் காற்றில் ஆடும் கயிறு.

மில்லி விநாடி அசைவுக்கு இன்னொரு தந்திரம். மைதானத்தில் மாணவர்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகிறார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் திரும்பி அதே வேகத்தில் ஓடி வர வேண்டும். வேகம் மாறாவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்ட கோட்டுக்கு வந்து சேர்வார்கள். நடுவில் யாராவது வேகத்தை மாற்றியிருந்தால் அவர் மட்டும் முன்பின்னாக வருவார், மாட்டிக்கொள்வார். ரேடியோ அலையால் இப்படி விசில் ஊதி, நூற்றுக்கு இரண்டு மூன்று சதவீதமே இருக்கும், நேராகக் கேட்கவே முடியாத நிலைகளைக்கூடப் பிடித்துவிடுகிறார்கள். டொரான்டோவில் லூயிஸ் கேயின் குழு இதில் தேர்ந்தது. லைசோசைம் என்ற நொதியின் மாற்றுரு ஒன்று, தன் நேரத்தில் 3 சதவீதம் மட்டும், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியே நீடிக்கும் வேறொரு வடிவத்துக்குப் போய் வருகிறது. அந்த ஒளிந்திருக்கும் வடிவத்தை 2011-ல் அவர்கள் வரைந்தே காட்டினார்கள். கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பிரமோத் வல்லூருபள்ளி. பின்னர் ஹைதராபாத்தில் டாடா நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் இதே துறையில் ஆய்வுக்குழு அமைத்தவர். இன்னொருவர் டேவிட் பேக்கர். ஆம், 2024 நோபல் பேக்கர்தான். காந்தம் அளந்து கொடுத்தது. கம்ப்யூட்டர் வரைந்து கொடுத்தது.

பெரிய மூலக்கூறு என்றால் ஒரு தொல்லை. அது கரைசலில் மந்தமாகப் புரள்வதால் முணுமுணுப்பு சட்டென்று தேய்ந்துவிடும், கேட்பதற்குள் அடங்கிவிடும். பல வருடங்கள் இந்தத் துறை சிறிய புரதங்களோடே நின்றதற்குக் காரணம் இதுதான். 1997-ல் வூத்ரிச்சின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. கருவை அமைதியாக்கும் இரண்டு காரணங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ரத்தாக்கும் முறை அது. கூடவே பாக்டீரியாக்களுக்குச் சாதாரணத் தண்ணீருக்குப் பதில் கனநீரைக் கொடுத்து வளர்த்து, வேண்டாத ஹைட்ரஜனை அகற்றி, வேண்டிய சில கிளைகளில் மட்டும் விட்டு வைத்தார்கள். 2007-ல் லூயிஸ் கேயும் ரெம்கோ ஸ்ப்ராங்கர்ஸும் செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோமின் அசைவை அளந்தார்கள். அதன் எடை ஹைட்ரஜன் அணுவைப்போல 6,70,000 மடங்கு. மூன்று வருடம் கழித்து அதன் வாயிற்கதவு உள்ளும் வெளியுமாக மாறி மாறி நிற்பதையும் பார்த்துவிட்டார்கள்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு மாத்திரையின் கதை போதும்.

இமாடினிப். கிளிவெக் என்ற பெயரில் 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயை மரண தண்டனையிலிருந்து மாத்திரை போட்டுச் சமாளிக்கும் வியாதியாக மாற்றியது. இந்தியாவில் அது கோர்ட் படியும் ஏறியது. மருந்தின் குறிப்பிட்ட ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் மறுத்தது. குறைந்த விலை மாத்திரைகள் தப்பித்தன. அந்த வழக்கு மருந்தின் படிகத்தைப் பற்றியது. மருந்து போய் உட்காரும் புரதத்தின் படிகத்தில் வேறொரு புதிர் இருந்தது.

மருந்து பிடிக்கும் புரதத்தின் பெயர் ஏபிள். அதற்குச் சார்க் என்று ஒரு பங்காளி உண்டு. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே ஜாடை. மருந்து உட்காரும் பள்ளமும், மருந்தோடு சேர்த்து எடுத்த எக்ஸ்-கதிர்ப் படமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் மருந்து ஏபிளை, சார்க்கைவிடச் சுமார் மூவாயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியவில்லை.

பதில் அசைவில் இருந்தது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் டொரோத்தி கெர்னின் குழு 2014-ல், என்.எம்.ஆரோடு அதிவேக வினை அளவீடுகளையும் சேர்த்து ஒரு விடை சொன்னது: மருந்து உள்ளே போன பிறகு ஏபிள் மெதுவாகத் தன்னை மாற்றிக்கொண்டு அதைப் பூட்டிக்கொள்கிறது, சார்க்குக்கு அந்தப் பூட்டு சரியாக விழுவதில்லை. 2020-ல் சாரலம்போஸ் கலோடிமோஸின் குழு ஏபிளை என்.எம்.ஆரில் வைத்து இன்னும் ஆழமாகப் பார்த்தது. ஏபிள் பெரும்பாலான நேரம் சுறுசுறுப்பான ஒரு நிலையில் இருக்கிறது. அவ்வப்போது செயலற்ற இரண்டு நிலைகளுக்குப் போய் வருகிறது. மருந்து பிடிப்பது அந்த அபூர்வமான நிலைகளில் ஒன்றை. மருந்து முதலில் போகிறதா, வடிவம் முதலில் மாறுகிறதா என்பதில் இரு குழுக்களின் அழுத்தமும் வேறு வேறு. காரணம் அசைவில்தான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

நோயாளிக்கு இதனால் என்ன? நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்து சிலருக்குத் திடீரென்று பலிக்காமல் போகிறது. ஏபிளில் ஏதோ ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். சில மாற்றங்கள் மருந்து உட்காரும் பள்ளத்திலேயே இருக்கின்றன, புரிந்துகொள்ளலாம். வேறு சில, பள்ளத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. அவை மருந்தைத் தொடுவதுகூட இல்லை. ஆனால் ஏபிள் அந்த அபூர்வ நிலைக்குப் போவதைக் குறைத்துவிடுகின்றன. மருந்து வாசலில் காத்திருக்கிறது, கதவு திறப்பதில்லை. எந்த மாற்றம் எந்தக் கதவை அடைக்கிறது என்று தெரிந்தால் அடுத்த மருந்தை எப்படிச் செய்வதென்று யோசிக்கலாம். புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இருட்டில் கல்லெறிவதுதான்.

ஆல்ஃபாஃபோல்டு இதையும் செய்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது வடிவத்தை எப்படிக் கற்றுக்கொண்டது என்று யோசியுங்கள். 1971-ல் தொடங்கிய புரதத் தகவல் வங்கியில், உலகெங்கும் விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டாகச் சோதனை செய்து ஒவ்வொன்றாகச் சேர்த்த வடிவங்கள் 2023-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டின. அந்தச் சேமிப்புதான் அதன் பாடப்புத்தகம். அசைவுகளுக்கு அவ்வளவு பெரிய சேமிப்பு இன்னும் கிடையாது. யாராவது உட்கார்ந்து அளந்து கொடுத்தால்தான் கம்ப்யூட்டர் கற்கும். மடியாமலே திரியும் புரதங்கள் வேறு இருக்கின்றன. பார்க்கின்சன் நோயோடு சம்பந்தப்பட்ட ஆல்ஃபா-சைனூக்ளின் அப்படிப்பட்டது. அதற்கு ஒரு வடிவம் என்பதே கிடையாது. கம்ப்யூட்டர் எதைப் படம் போடும்?

அளப்பது மெதுவான வேலை, செலவு பிடித்த வேலை. காந்தத்தை ஒரு தடவை வாங்கிவிட்டால் போதாது; ஹீலியம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் தேவைக்கான ஹீலியம் ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி. 1980களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேசிய என்.எம்.ஆர். வசதியை அமைத்தபோது, நாடெங்கிலுமுள்ள விஞ்ஞானிகள் வந்து பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லிவிடுகிறது, இந்த இரும்புப் பீப்பாய்க்கு எதற்கு இவ்வளவு பணம் என்று நிதி ஒதுக்குபவர்கள் நினைக்கத் தொடங்கினால் அது தப்புக் கணக்கு. கம்ப்யூட்டர் வடிவத்தைச் சொல்லிவிடுவதால்தான் இந்தப் பீப்பாயின் தேவை கூடியிருக்கிறது. இதுவரை வடிவம் காண்பதற்கே செலவான அதன் நேரம், இனி அதால் மட்டுமே முடிகிற வேலைக்குக் கிடைக்கும்.

1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்ற அனுமதிப் பட்டியல் அது. இன்றும் உலகத்தில் யார் புரத வடிவம் கண்டாலும் அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். புரதம் எங்கெல்லாம் போகலாம் என்பதை அறுபது வருடங்களுக்கு முன்பு சென்னையில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அது எங்கெல்லாம் போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்போது திரும்புகிறது என்பதை இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.